முகவரி பதினேழு

மஞ்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல் தந்தியடித்தது.
பையில், வெள்ளி உறைக்குள் ஒரு கார்டு.
உள்ளங்கை அகலம்தான்,
விலை என் மூன்று மாதச் சம்பளம்.
ஜீப் வளையும் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
கை தானாக அதன்மேல் போனது.

வால்வு அறை வாசலில் போஜன்.
"பதினோரு நாளா பேச்சு மூச்சு இல்ல" என்றார்,
தீனி எடுக்காத எருமையைப் பற்றிச் சொல்வதுபோல.

பதினோரு நாளும் கீழே கன்ட்ரோல் ரூமிலிருந்து போன்:
"முப்பத்தஞ்சு வைங்கண்ணா."
கிளட்ச்சை மடக்கிச் சக்கரத்தைப் பிடிப்பார்.
ஒரு சதவீதத்துக்கு ஆறு சுற்று.
உறைபனி விழும் இரவு இரண்டு மணிக்கும்
ஆறு ஆறுதான்.

பிரேக்கரை இறக்கிப் பூட்டினேன்.
சாவி என் சட்டைப்பையில்.
டெஸ்டரை வைத்தேன், மின்சாரம் இல்லை என்றது.
நம்பாமல் இன்னொரு முறை வைத்தேன்.
மூடியில் எட்டு போல்ட்,
எட்டாவது வரமாட்டேன் என்றது.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு போஜன் சொன்னார்:
"டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள மனசு மாறிடும்."
மாறியிருந்தது.

உள்ளே,
ரப்பர் வளையம் ஓரிடத்தில் நசுங்கி
அந்த நசுங்கல் வழியே
ஒரு வருஷத்து மேகம் நுழைந்திருந்தது.
கனெக்டரின் கால்களில் களிம்பு.
பழைய கார்டின் மூலையில் கடுகளவு கருகல்.
கடுகுதான்,
காரம் பவர் ஹவுஸ் வரை போயிருக்கிறது.

மணிக்கட்டில் பட்டை கட்டி
அதன் வாலை எர்த் போல்ட்டில் கவ்வ வைத்தேன்.
"எதுக்கும்மா?"
"என் உடம்புல இருக்கிற கரண்டே இதைக் கொன்னுடும்."
போஜன் தன் கம்பளியை ஒருமுறை பார்த்துக்கொண்டு
இரண்டடி தள்ளி நின்றார்.

கழற்றுமுன் ஒரு போட்டோ.
எட்டுக் குட்டி சுவிட்சுகள்:
மேல், கீழ், கீழ், கீழ், மேல், அப்புறம் எல்லாம் கீழ்.
ஒன்றும் பதினாறும் பதினேழு.
அதுதான் இதன் பெயர்.
ஒரே கம்பியில் தொங்கும் இருபத்திரண்டு பேரில்
பதினேழே என்று கூப்பிட்டால்
இது மட்டும் வாய் திறக்கவேண்டும்.

புதிய கார்டுக்கும் அதே பெயரை இட்டேன்.
புது வளையத்துக்கு விரலால் கிரீஸ்.
மூடினேன், பிரேக்கரை ஏற்றினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
போனில் லீமா:
"ஒண்ணும் வரலையேக்கா."

ஜன்னலுக்கு வந்த மேகம்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது.

பழைய கார்டில் ஏ இடப்பக்கம், பி வலப்பக்கம்.
புதியதில் மாறி இருக்கிறது.
போட்டோவை நம்பி
எழுத்தைப் படிக்காமல் விட்டவள் நான்.
மறுபடி பிரேக்கர், பூட்டு, டெஸ்டர், எட்டு போல்ட்.
போஜன் எதுவும் கேட்கவில்லை,
டார்ச்சை மட்டும் இன்னும் கிட்டே பிடித்தார்.

"வந்துடுச்சு! முப்பத்திநாலு புள்ளி எட்டு!"

அவர் முகம் சுண்டியது.
பதிவேட்டைத் திறந்து காட்டினார்.
மணிக்கு ஒன்றாக, பதினோரு நாள் நெடுக,
முப்பத்தைந்து, முப்பத்தைந்து,
பேனா உறைந்த இடங்களில் பென்சிலால் முப்பத்தைந்து.
"புள்ளி ரெண்டு எங்க போச்சு?"
கியர் பற்களில் அந்த அளவு தளர்வு இருக்கும்
என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குள் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டார்.
"ஒண்ணேகால் சுத்து.
எந்த ராத்திரியில விட்டேன்?"

தேர்வுச் சாவியை அவரே ரிமோட்டுக்குத் திருப்பினார்.
கீழே லீமா நாற்பது என்று தட்டியிருப்பாள்.
மோட்டார் முனகியது.
தரைக்கடியில் பெருங்குழாய்த் தண்ணீர்
குரலை மாற்றிக்கொண்டது.
மோட்டார் ஓடும்போது சக்கரம் சுற்றாது,
அவருக்குத் தெரியும்.
ஆனாலும் கை அதன்மேலேயே இருந்தது.
கண் முள்ளின்மேல்.
உதடுகள் ஆறாறாக எண்ணிக்கொண்டு போய்
முப்பத்தொன்றேகாலில் நின்றன,
மோட்டாரும்.